தூண்டிலும் இரையும்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையை விட்டுச் சமவெளியில் இறங்கி, நெல்லைச் சீமையின் வயல்களுக்கு நீரூட்டிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாற்றின் தலைப்பிலும் கடைமுகத்திலும் மீனுக்கு உணவிடும் மக்களைக் காணலாம். பாபநாசத்துப் படித்துறையில் நீராட வருவோர் பொரியை அள்ளி நீரில் தூவுவர். தூவிய கணமே மீன்கள் திரள் திரளாக எழுந்து, ஒன்றையொன்று முட்டித் தள்ளி, வாய் பிளந்து அதனை விழுங்கும். புன்னைக்காயல் முகத்துவாரத்தில் உணவிடுவோர் கையிலோ தூண்டில் இருக்கிறது. அங்கே ஒரு மூட்டைப் பொரியைக் கொட்டினாலும் கொடுவா மீன் ஒன்றுகூடத் திரும்பிப் பாராது. அதே கொடுவா, துள்ளும் மடவைக் குஞ்சு ஒன்று அருகில் வந்தால் அம்புபோல் பாயும். பசி இரண்டிடத்தும் ஒன்றே, வேறுபடுவது இரை.

தூண்டில் என்பது எளிய கருவி. கோல், கயிறு, தக்கை, ஈயக்குண்டு, முள் ஆகிய ஐந்தும் சேர்ந்தால் தூண்டில் ஆயிற்று. கோலும் தக்கையும் இன்றிக் கைக்கயிறாகவே வீசுவோரும் உளர். முற்காலத்தில் கயிற்றைப் பருத்தியாலும் சணலாலும் முறுக்கினர். இக்காலத்தில் தங்கூசி எனப்படும் நைலான் இழை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இது நீரில் ஊறாது. கண்ணுக்கும் எளிதில் புலப்படாது. ஆயினும் கோலும் கயிறும் எவ்வளவு சிறந்தவையாயினும், முள்ளில் கோத்த பொருள் மீனுக்கு உகந்ததாக இல்லாவிடின், அவற்றால் பயன் சிறிதும் இல்லை. திருவள்ளுவர் சூதாட்டத்தில் வரும் வெற்றிக்குத் தூண்டிலை விழுங்கிய மீனை உவமை கூறுகின்றார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர், இரையால் மறைக்கப்பட்ட இரும்பு என அதனை விளக்குகின்றார். மறைக்கும் பொருளே தூண்டிலின் உயிர் என்பது அவ்வுரையிலிருந்தே விளங்கும்.

மீனைப் பிழைப்புக்காகப் பிடிப்போர் வேறு, ஓய்வு நாளில் உவகைக்காகப் பிடிப்போர் வேறு. பரதவர்க்கு வலையும் வள்ளமும் உண்டு. பெருந்திரளாக வரும் சாளையையும் நெத்திலியையும் அவர்கள் வலையால் வளைக்கின்றனர். பாறையிடுக்கில் ஒதுங்கும் களவாவையும் விளைமீனையும் பிடிக்கத் தூண்டிலையே நாடுகின்றனர். நூற்றுக்கணக்கான முட்களை ஒரே நெடுங்கயிற்றில் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலும் அவர்களுடையதே. ஓய்வு நாளில் கரையோரக் கற்குவியலில் வந்து அமர்பவனிடம் இருப்பதோ ஒரு முள், அல்லது இரண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த அதிகாரிகள் பலர்க்கு இது பெருவிருப்பமான விளையாட்டாக இருந்தது. அவர்களுள் ஒருவராகிய என்றி சல்லிவன் தாமசு என்பார் இந்திய நீர்நிலைகளில் தூண்டிலிடும் கலையைப் பற்றி 1873ஆம் ஆண்டில் ஒரு நூலும், குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி 1887ஆம் ஆண்டில் மற்றொரு நூலும் வெளியிட்டார். பிழைப்புக்காயினும் பொழுதுபோக்குக்காயினும் தூண்டிலை எடுத்தவன் எதிர்ப்படும் முதல் வினா ஒன்றே: முள்ளில் எதைக் கோப்பது?

இவ்வினாவுக்கு விடை கூறுமுன் முகத்துவாரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். புன்னைக்காயல் இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986ஆம் ஆண்டுவரை அப்பகுதி முழுவதும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தது. தமிழ் அச்சு வரலாற்றில் இடம்பெற்ற அண்டிறிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டில் பணிபுரிந்த ஊரும் இதுவே. பாண்டியரின் பழந்துறைமுகமாகிய கொற்கை ஒரு காலத்தில் கடலோரத்தில் இருந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் ஆண்டுதோறும் படிந்தமையால் கடல் பின்வாங்க, கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. அதன்பின் பழைய காயல் துறைமுகமாகச் சிறந்து, அதுவும் அவ்வாறே கரையை விட்டு உட்பட்டது. துறைமுகங்களை அழித்த அவ்வண்டல்தான் மீனுக்கு வாழ்வளிக்கிறது என்பது வியப்பே. வண்டல் படிந்த சேற்றில் புழுக்கள் வளைதோண்டி வாழ்கின்றன. நண்டும் இறாலும் பெருகுகின்றன. சேற்றின் மேல் படரும் பாசியை மடவை மீன் மேய்கின்றது. கரையில் நிற்கும் அலையாத்தி மரங்களின் வேர்ச்செறிவில் இளங்குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. இவற்றை உண்ணப் பெரிய மீன்கள் கடலிலிருந்து ஓதத்தோடு உள்ளே நுழைகின்றன. எனவே முகத்துவாரத்துச் சேறே இரைக் களஞ்சியம்; தூண்டிலிடுவோன் தன் இரையை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவே. பிற கடல்களை நோக்க இது சிறிது. எனினும் முகத்துவாரம் போன்ற குறுகிய வாயில் அச்சிறு வேறுபாடே விரைந்த நீரோட்டத்தை உண்டாக்கிவிடும். நீர் ஓடத் தொடங்கும்போது சேற்றுயிர்கள் கலைந்து வெளிவரும். மீனும் மேயத் தொடங்கும். நீரோட்டம் இன்றி நிற்கும் வேளையில் எவ்வளவு நல்ல இரையாயினும் வெறுமனே தொங்கும்.

இனி, எந்த மீனுக்கு எது இரை என்பதைக் காண்போம். கிழங்கான் என்பது மணற்பாங்கான ஆழமில்லாக் கடலிலும் கழியிலும் மிகுதியாகக் கிடைப்பது. நீண்டு உருண்ட உடலும் சிறிய வாயும் உடையது. மணலைக் கிளறிப் புழுக்களையும் சிறு இறால்களையும் நண்டுகளையும் உண்ணும். இதற்குச் சேற்றுப்புழுவே தலைசிறந்த இரை. கொடுவா, உயிருள்ள மடவைக் குஞ்சையும் இறாலையும் விரும்பும். பாரை, ஓடும் இரையைத் துரத்திப் பிடிக்கும். துரத்தும் இன்பத்துக்காகவே கடிக்கிறதோ என்று ஐயுறும் அளவுக்கு வேகம் உடையது. களவா, பாறைக் குகையின் வாயிலில் அசையாது காத்திருந்து, அருகில் வரும் மீனையும் கணவாயையும் நண்டையும் ஒரே வாயில் உறிஞ்சிக்கொள்ளும். விளைமீன் இரவில் மேய்வது. கணவாய்த் துண்டும் நண்டும் அதற்கு ஏற்றவை. ஓரா மீனோ கடற்பாசியைத் தின்பது. அதன் முன் இறாலை ஆட்டிப் பயன் இல்லை. மடவையும் தாவரப் பொருளையே பெரிதும் நாடுவதால், மாவுருண்டையோ ரொட்டியோ கோத்தாலன்றித் தூண்டிலை அணுகாது. அப்பொழுதும் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுச் சென்றுவிடும். அதனால்தான் மடவையை வலைகொண்டே பிடிக்கின்றனர்.

இவற்றை அறியாத இளைஞன் ஒருவன் முகத்துவாரக் கரையில் அமர்ந்திருக்கின்றான் என்றும், கடலிலேயே முதுமை எய்திய பரதவர் ஒருவர் அவ்வழியே வருகின்றார் என்றும் கொள்வோம். அவர்கள் உரையாடல் இவ்வாறு அமையக்கூடும்.

“அண்ணாச்சி, காலை முதல் நான்கு முறை இறால் கோத்துவிட்டேன். ஒரு மீனும் சிக்கவில்லை; இரை மட்டும் காணாமற் போகிறது.”

“மீன் கடிக்காமலா தம்பி இரை போயிற்று? கடிக்கிறது, உன் முள்ளைத்தான் அது கடிக்கவில்லை. கயிற்றை இழுத்துக் காட்டு.”

இளைஞன் கயிற்றை இழுக்கின்றான். முள்ளின் அருகே தங்கூசி பல்லால் அராவப்பட்டிருக்கிறது.

“பார்த்தாயா? பேத்தையின் வேலை இது. அதன் பல் கத்தரிக்கோல் போன்றது. இறால் மெல்லிய சதை. இரண்டே கடியில் கொண்டுபோய்விடும். கணவாய்த் துண்டு போட்டுப் பார். அது எளிதில் பிய்ந்து வராது.”

“எனக்குக் கிழங்கான் பிடிக்க ஆசை, அண்ணாச்சி.”

“அப்படியானால் இந்த முள் எதற்கு? கிழங்கானின் வாய் உன் சுண்டுவிரல் நுனி அளவு. சின்ன முள்ளில் புழுவைக் கோத்து, ஈயத்தைக் குறைத்து, மணலோடு மணலாக இழுத்து வா. ஓதம் ஏறுகிறது, இப்பொழுதே போடு.”

முதியவர் கூறியவற்றுள் இரை, முள், ஈயம், ஓதம் ஆகிய நான்கும் வந்துவிட்டன. அவை ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்பதே அவர் கருத்து. இரையை மட்டும் மாற்றி, பெருமீனுக்குரிய முள்ளை அப்படியே வைத்திருப்பவன் ஏமாறுவான். பேத்தையைப் பற்றி ஒரு சொல்: அதன் உடலில் கொடிய நஞ்சு உண்டு. தூண்டிலில் அது சிக்கினால் உண்ணாது கழிப்பதே முறை.

மீன் இரையை எவ்வாறு கண்டறிகிறது? கண், மூக்கு, நா ஆகிய மூன்றோடு மனிதர்க்கு இல்லாத மற்றொரு புலனும் அதற்கு உண்டு. உடலின் இரு பக்கத்தும் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோடு ஒன்றைப் பல மீன்களில் காணலாம். நீரின் மிகச் சிறு அதிர்வையும் அக்கோடு உணரும். அடிபட்ட மீன்குஞ்சு ஒன்று துடிக்கும்போது எழும் அதிர்வு, கலங்கிய நீரிலும் இரவிலும் கொடுவாவுக்கு எட்டுவது இதனால்தான். மீனின் மூக்குத் துளை தொண்டையோடு சேர்வதில்லை. மூச்சுவிட அது பயன்படுவதில்லை. மணம் அறிவதற்கென்றே அமைந்தது அது. இரையின் சதையிலிருந்து நீரில் கரையும் அமினோ அமிலங்களை அது நுகர்ந்து, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, மணம் வரும் இடத்தை அடைகின்றது. கெளுத்திக்கோ மீசையிலும் உடலெங்கும் சுவை மொட்டுகள் உண்டு. அஃது உடம்பையே நாவாகக் கொண்டது எனலாம்.

மணம் என்பது செலவாகும் பொருள். நீரில் இட்ட இரையிலிருந்து வெளிப்படும் மணப்பொருள் முதல் ஓரிரண்டு மணி நேரத்திற்குள்ளேயே மிக விரைவாகக் குறைந்துவிடுகின்றது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். வெளுத்துச் சக்கையான இறால் துண்டைக் காலை முதல் மாலை வரை முள்ளில் தொங்கவிட்டிருப்பவன், வெறும் பஞ்சைத் தொங்கவிட்டவனே ஆவான். இரையை அடிக்கடி புதுப்பிப்பவனுக்கே மீன் மிகுதியாகக் கிடைப்பதன் காரணம் இது. சாளையைப் போல எண்ணெய்ப் பசை மிகுந்த மீனின் துண்டு மணத்தை நெடுந்தொலைவு பரப்பும். ஆனால் அதன் சதை நொய்ம்மையானது. உப்பிட்டு வைத்தால் நீர் வடிந்து சதை இறுகும். முள்ளில் நின்று பிடிக்கும். கணவாயில் மணம் சற்றுக் குறைவெனினும் உறுதி மிகுதி. இவ்வாறு ஒவ்வோர் இரைக்கும் ஒரு நிறையும் ஒரு குறையும் உண்டு.

நீரின் தெளிவும் இரையைத் தீர்மானிக்கும். கோடையில் ஆற்றின் கடைசி அணையாகிய ஸ்ரீவைகுண்டம் அணையைக் கடந்து வரும் நன்னீர் குறைந்துவிடும்போது, கடல்நீர் கழிக்குள் ஏறி, நீர் தெளிந்து காணப்படும். அப்பொழுது கண்ணால் வேட்டையாடும் மீன்களுக்கே காலம்; பளபளக்கும் சிறு மீனும், மெல்லிய தங்கூசியும், நீரின் இயல்பான அசைவோடு செல்லும் இரையும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையிலிருந்த ஊர்கள் பல வெள்ளத்துள் ஆழ்ந்தன. அத்தகைய பேரழிவைத் தராத ஆண்டுகளிலும், மழைக்கால வெள்ளம் முகத்துவாரத்தைச் செந்நிறக் குழம்பாக மாற்றிவிடும். உவர்நீர் மீன்கள் பல அதனைப் பொறாது கடல் நோக்கி விலகும். எஞ்சியவை கண்ணை நம்பி வாழ முடியாது. அப்பொழுது பளபளப்பும் நிறமும் பயனற்றவை. மணம் மிக்க துண்டு இரையே ஏற்றது. கெளுத்தி அவ்வேளையில் தாராளமாகக் கிடைக்கும்.

மணம் எப்போதும் மீனை ஈர்க்கும் என்று கருதுவதும் பிழையாகும். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிசு என்னும் அறிஞர் மீன்களையும் ஆராய்ந்தவர். காயமுற்ற சிறு மீன் ஒன்றைத் தொட்டியில் இட்டதும், அதன் இனத்து மீன்கள் அனைத்தும் அஞ்சிச் சிதறுவதை 1930களில் அவர் கண்டார். கிழிந்த தோலிலிருந்து வெளிப்படும் ஒரு பொருளே அவ்வச்சத்துக்குக் காரணம். கெண்டை இனத்திலும் அதனைச் சார்ந்த இனங்களிலும் இவ்வியல்பு உண்டு. தாமிரபரணியின் நன்னீர்ப் பகுதியில் கெண்டையை நறுக்கிக் கெண்டைக்கே இரையாக இடுபவன், வீட்டு வாயிலில் அபாயச் சங்கை ஊதிவிட்டு விருந்தினரை எதிர்பார்ப்பவனை ஒப்பான்.

உயிருள்ள இரையை இடுவதில் தனித் திறம் வேண்டும். மடவைக் குஞ்சை முதுகுத் தசையின் வழியே, முதுகெலும்பைத் தொடாது கோத்தால், அது நெடுநேரம் நீந்தும். இறாலின் தலைக்குள் கருமையாகத் தெரியும் உறுப்பைத் துளைத்துவிட்டால் அது உடனே இறந்துவிடும். அதனை விலக்கிக் கொம்பின் அடியிலோ வால் பகுதியிலோ கோப்பர். இறந்த இறாலை நாடிப் பேத்தையும் நண்டும் வரும். துள்ளும் இறாலை நாடிக் கொடுவா வரும். இரை ஒன்றே, உயிர் இருப்பதும் இல்லாததுமே மீனை வேறாக்குகின்றன.

பொய்யிரை என்பது மற்றொரு வகை. மரத்தாலும் உலோகத்தாலும் இறகாலும் நெகிழியாலும் மீன்போலவும் இறால்போலவும் செய்யப்பட்ட இதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. அசைவும் மினுக்கும் மட்டுமே உண்டு. பாரையையும் வஞ்சிரத்தையும் போல விரைந்து துரத்தும் மீன்கள் ஆராயாது பாய்வதால் இதில் சிக்குகின்றன. நின்று முகர்ந்து தின்னும் விளைமீன் இதில் எளிதில் ஏமாறுவதில்லை. பொய்யிரையின் நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் கூறுவன பல. கடல்நீர் செந்நிற ஒளியை முதலில் உறிஞ்சிவிடும் என்பதையும், ஆழம் மிகுந்தபின் சிவப்பு கருமையாகவே தோன்றும் என்பதையும் நினைவிற் கொண்டால், வாங்குவோன் பணம் ஓரளவு மிஞ்சும்.

மீன் எதை உண்கிறது என்பதை ஐயமின்றி அறிய வழி ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தூத்துக்குடியிலும் ஒரு கிளை உள்ளது. அத்தகைய நிலையங்களில் பணிபுரிவோர் மீனின் இரைப்பையை அறுத்து, உள்ளிருக்கும் உணவை வகைப்படுத்தி எண்ணுகின்றனர். அதே முறையைத் தூண்டிலிடுவோனும் கையாளலாம். அன்று பிடித்த முதல் மீனின் வயிற்றில் நண்டின் ஓடு இருந்தால், அடுத்த இரை நண்டாகட்டும். சென்ற வாரம் பயன்பட்டது எது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது மேலானது.

இதுவரை கூறியவை மீனை எவ்வாறு பிடிப்பது என்பதைப் பற்றியன. எந்த மீனைப் பிடிப்பது என்பதில்தான் இரையின் பெரும்பொறுப்பு தொடங்குகிறது. பெரிய இரை பெரிய மீனை ஈர்க்கும். சிறு மீன்கள் அதனை விழுங்க இயலாது விலகும். ஆயிரங்கால் தூண்டிலில் ஆய்வு நடத்திய நார்வே நாட்டு அறிஞர்கள், சிக்கும் மீனின் பருமனை இரையின் பருமன் பெரிதும் தீர்மானிப்பதைக் கண்டனர். ஆகவே கையளவு மடவையைக் கோப்பவன் பெருங்கொடுவாவையே நாடுகின்றான். அப்பெருங்கொடுவா யார்? கொடுவாவின் வாழ்க்கை விந்தையானது. அது முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்தபின், பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடுகின்றன. எனவே பெரிய கொடுவா ஏறக்குறைய எப்போதும் தாய்மீனே. அத்தகைய தாய் ஒன்று ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை, சில வேளை பத்து இலட்சங்களைக் கடந்தும், முகத்துவாரத்துக்கு அருகே உவர்நீரில் இடுகின்றது. அவற்றிலிருந்து வெளிவரும் குஞ்சுகளே கழியிலும் ஆற்றிலும் ஏறி வளர்கின்றன. களவா இதற்கு நேர்மாறானது. இளமையில் பெண்ணாகவும் முதுமையில் ஆணாகவும் வாழ்வது. அங்கே பெரியவற்றையே தேர்ந்து பிடித்தால் ஆண்மீன் அருகிப்போகும்.

ஆத்திரேலியாவில் இக்கொடுவாவே தூண்டிலிடுவோர் மிக விரும்பும் மீன். அந்நாட்டின் குயின்சுலாந்து மாநிலத்தில் கடலிலும் கழியிலும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவைப் பிடித்தால் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். சிறியவற்றை விட்டுவிடும் சட்டம் பல நாடுகளில் உண்டு. பெரியவற்றையும் விடச் சொல்வது தாய்மீனைக் கருதியே.

விட்ட மீன் பிழைக்குமா என்பதும் இரையைப் பொறுத்ததே. இயற்கை இரையை, அதிலும் அசையாது கிடக்கும் துண்டு இரையை, மீன் ஐயமின்றி விழுங்கிவிடும். முள் தொண்டையிலோ குடலிலோ தைக்கும். பொய்யிரையை அவ்வாறு விழுங்குவது அரிது. முள் பெரும்பாலும் வாயின் விளிம்பிலேயே தைக்கும். ஆதலால் பொய்யிரையில் சிக்கி விடப்பட்ட மீன்களுள் பிழைப்பவை மிகுதி. இயற்கை இரையையே இட விரும்புவோர்க்கு வட்டமுள் துணைசெய்கின்றது. இம்முள்ளின் கூர் உள்நோக்கித் திரும்பியிருக்கும். மீன் விழுங்கினாலும், கயிறு இறுகும்போது முள் வழுக்கி வெளிவந்து வாயின் மூலையில் மாட்டிக்கொள்ளும். பசிபிக்கு மாகடல் தீவினர் எலும்பிலும் சிப்பியிலும் இவ்வடிவில் முட்கள் செய்து பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தினர். வட்டமுள்ளில் கடி உணர்ந்தவுடன் கோலை வெடுக்கென இழுத்தலாகாது. மெல்ல இறுகவிட வேண்டும். பழைய முள்ளில் பழகிய கைக்கு இது எளிதன்று. முள் தொண்டைக்குள் சென்றுவிட்ட மீனை விடுவதாயின், முள்ளைப் பிடுங்காது கயிற்றை அறுத்துவிடுவதே அதற்கு நன்மை.

இரை, நாடாத உயிரையும் கொல்லவோ காக்கவோ கூடும் என்பதற்குக் கடலாமை சான்று. அட்லாந்திக்கு மாகடலின் வடமேற்குப் பகுதியில் 2000ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரங்கால் தூண்டிலைக்கொண்டு சோதனைகள் நடத்தினர். பழைய முள்ளில் கணவாயைக் கோப்பதற்கு மாறாக, பெரிய வட்டமுள்ளில் கானாங்கெளுத்தி இன மீனைக் கோத்தபோது, சிக்கிய ஆமைகளின் தொகை மிகக் குறைந்தது. கணவாயின் சதை நெகிழ்ந்து இழுபடுவது. ஆமை அதனைக் கடித்துப் பிரிக்க இயலாது முள்ளோடு விழுங்கிவிடும். மீனின் சதையோ சிறிது சிறிதாகப் பிய்ந்து வரும், முள் மிஞ்சிவிடும். கணவாயின் உறுதியைப் பேத்தையின் பொருட்டு முதியவர் பாராட்டினார் அன்றோ? அவ்வுறுதியே ஆமைக்கு எமனாயிற்று. இச்சோதனைகளின் பயனாக, 2004ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் அட்லாந்திக்கு ஆயிரங்கால் தூண்டில் படகுகளுக்கு வட்டமுள்ளைக் கட்டாயமாக்கியது. மன்னார் வளைகுடாவிலும் கடலாமைகள் வாழ்கின்றன. அவற்றைப் பிடிப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது.

இரை எங்கிருந்து வந்தது என்பதும் கருதத்தக்கது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் குயின்சுலாந்தின் லோகன் ஆற்றங்கரை இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவியது. உண்பதற்கென வெளிநாட்டிலிருந்து வந்த பச்சை இறாலைச் சிலர் தூண்டிலில் இரையாக இட்டமை அந்நோய் பரவிய வழிகளுள் ஒன்றாக இருக்கலாம் என ஐயுறப்பட்டது. உறையவைத்த இறாலிலும் அந்நோயின் நுண்ணுயிர் அழிவதில்லை. தூத்துக்குடிக் கடற்கரையிலும் இறால் பண்ணைகள் உள்ளன. பண்ணையில் நோயுற்றுச் செத்த இறால் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் கழியில் எறிவது, அந்நீரில் வாழும் இறால் அனைத்துக்கும் நோயைக் கொண்டு சேர்க்கக்கூடும். அவ்வக் கழியின் இரையை அவ்வக் கழியிலேயே பயன்படுத்தினால் இத்தொல்லை இல்லை.

ஆயினும் கழியின் இரையும் வற்றாத ஊற்றன்று. புழுவுக்காகச் சேற்றைத் தோண்டுவோர் அலையாத்தி வேரை வெட்டிவிட்டால், மீன்குஞ்சு ஒளியும் இடம் போய்விடும். தோண்டிய குழியை மூடாது விட்டால் மேற்சேற்றில் வாழும் சிற்றுயிர்கள் வெயிலில் காய்ந்து மடியும். வீச்சுவலையால் இரைக்குஞ்சு பிடிப்போர் மடவை, காரல் ஆகியவற்றோடு விரல் நீளமுள்ள கொடுவாக் குஞ்சுகளையும் அள்ளிவிடுவதுண்டு. கொடுவாக் குஞ்சை மடவைக் குஞ்சிலிருந்து பிரித்தறிவது கடினமன்று. கொடுவாக் குஞ்சுக்கு வாய் பெரிது. முதுகு வளைந்து தலையருகே சற்றுக் குழிந்திருக்கும். இளமையில் உடல் பழுப்பு நிறமாகவும், தலையின் மேல் வெளிறிய கோடு ஒன்று நெற்றிவரை ஓடுவதாகவும் இருக்கும். மடவைக் குஞ்சோ வெள்ளி நிறத்தது, தலை தட்டையானது, வாய் மிகச் சிறியது. வலையைக் கரையில் உதறாது, ஆழமில்லா நீரிலேயே விரித்துப் பார்த்தால், வேண்டாதவற்றை அங்கேயே நழுவவிடலாம். வேண்டிய மடவையை ஒரு வாளிக் கழிநீரில், நிழலில், பத்துக்கு மிகாமல் வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு முறை நீரை மாற்றினால், மாலை ஓதம் ஏறும்வரை அவை துள்ளலோடு இருக்கும்.